எந்த அட்டவணையில் வைப்பது

எந்த மருந்தை எவ்வளவு இறுக்கிப் பிடிக்க வேண்டும் என்று அரசாங்கத்துக்கு எடுத்துச் சொல்லும் பிரிவு, சுகாதாரத் துறைக் கட்டடத்தின் மூன்றாவது மாடியில், கழிவறைக்கு நேர் எதிரே இருந்தது. அங்கே வேலையாக வருகிறவர்களைவிட வழி தவறி வருகிறவர்கள்தான் அதிகம். "இது இல்லைங்க, எதிர்க் கதவு" என்று சொல்லிச் சொல்லியே வாசலில் உட்கார்ந்திருந்த உதவியாளருக்கு வாய் வலித்துவிட்டது.

அந்தப் பிரிவின் தலைமை அதிகாரியை வீட்டில் பெரியவள் என்பார்கள். அவளுக்கு ஒரு தங்கை, சின்னவள், கால்நடை மருத்துவர். இரண்டு பேரும் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் என்று அடித்துச் சொன்னாலும் யாரும் நம்ப மாட்டார்கள். பெரியவள் ஒரு வாக்கியத்தைச் சொல்வதற்கு முன் மனதுக்குள் இரண்டு முறை திருத்துவாள். சின்னவள் பேசி முடித்த பிறகுதான் யோசிப்பாள்.

"நீ ஆபீஸ்ல என்னதாம்மா பண்றே?" என்று உறவினர் யாராவது கேட்டால், பெரியவள் சமையலறையைக் காட்டுவாள்.

"உப்பு கைக்கு எட்டற இடத்துல இருக்கா? கத்தி கொஞ்சம் மேல. எலி மருந்து பூட்டுக்குள்ள. சிலதை வீட்டுக்குள்ளயே விடறதில்ல. இதையேதான் நாங்க மருந்துக்குப் பண்றோம். அஞ்சு தட்டு. அதுக்கு அட்டவணைன்னு பேரு."

முதல் அட்டவணையில் இருப்பவை, மருத்துவத்துக்கு உதவாது, கேடு மட்டுமே என்று அரசு முடிவு கட்டியவை. கையில் வைத்திருந்தாலே ஜெயில். இரண்டாவதில் இருப்பவற்றுக்குப் பயன் உண்டு, ஆளை அடிமையாக்கும் குணமும் உண்டு. தனி உரிமம் வாங்கிய பெரிய ஆஸ்பத்திரிகளுக்கு மட்டும், அளந்து கொடுப்பார்கள். மூன்று, நான்கு, ஐந்து என்று கீழே வர வரப் பிடி தளரும். கெட்டமைன் என்ற மயக்க மருந்து பல காலமாக நான்காவதில் இருந்தது. டாக்டர் எழுதிக் கொடுத்தால் வாங்கலாம். அதற்கு மேல் கேள்வி கிடையாது.

அந்த வருடம் மழை தொடங்கிய சமயம், ஒரு நடன விருந்தில் கல்லூரி மாணவன் ஒருவன் சுருண்டு விழுந்து இறந்துபோனான். மதுவோடு கெட்டமைன் பொடியையும் சேர்த்திருந்தான். பத்திரிகைகள் பிடித்துக்கொண்டன. மந்திரி மைக்குக்கு முன்னால் நின்று, "இரும்புக் கரம்" என்றார். மறுநாள் காலையிலேயே இயக்குநர் பெரியவளை அறைக்குக் கூப்பிட்டார். ஓய்வுபெற இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்ததால், எந்தக் கோப்பிலும் சூடு படாமல் போய்ச் சேர வேண்டும் என்பது அவருடைய ஒரே பிரார்த்தனை.

"இரண்டாம் அட்டவணைக்கு ஏத்திடலாம்னு மேலே நினைக்கிறாங்க. உங்களுக்கு ஆட்சேபணை ஏதும் இருக்கா?"

"இல்ல சார். நானே எழுதறேன்."

எப்போதும் ஆயிரம் கேள்வி கேட்பவள் அவ்வளவு வேகமாகத் தலையாட்டியது இயக்குநருக்கே ஆச்சரியம். அவருக்குக் காரணம் தெரியாது. காரணம் பெரியவளின் வீட்டில், பின்னறையில் படுத்திருந்தது.

அவளுடைய கொழுந்தனுக்கு ரேடியோ என்று பட்டப்பெயர். வாயைத் திறந்தால் அணைக்கப் பொத்தான் கிடையாது. படிப்பு முடித்து, விளம்பரக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து, நண்பர்களோடு சனிக்கிழமை விளையாட்டாகத் தொடங்கிய கெட்டமைன் பொடி, எல்லாக் கிழமைக்கும் வந்துவிட்டது. அந்தப் பொடியைத் தொடர்ந்து இழுப்பவர்களுக்கு மூத்திரப்பை வெந்து சுருங்கும். அவனுக்கும் சுருங்கியது. அரை மணிக்கு ஒரு தரம், ரத்தமும் வலியுமாக, சுவரில் தலையை முட்டிக்கொண்டு நின்றவனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது பெரியவள்தான். அவள் கணவன் ரயில் ஓட்டுகிறவன். பாதி நாள் தண்டவாளத்தில் இருப்பான். கொழுந்தனின் படுக்கை விரிப்பை மாற்றியதும், "அண்ணி, கொஞ்சமா மட்டும், கடைசித் தடவை" என்று அவன் காலில் விழுந்தபோது கதவைச் சாத்திவிட்டு வெளியே உட்கார்ந்து அழுததும் அவள்தான்.

இப்போது அவன் தேறிவிட்டான். சிகிச்சை மையத்துக்கு ஒழுங்காகப் போய் வந்தான். வேலை மட்டும் கிடைக்கவில்லை. வீட்டில் துணி துவைத்து, அண்ணிக்குக் கார் ஓட்டி, பேசிக்கொண்டே இருந்தான்.

ஆகவே பெரியவள் வரைவை எழுதும்போது பேனா தயங்கவே இல்லை. கெட்டமைன் இரண்டாம் அட்டவணைக்குப் போகிறது. நிரந்தர மயக்கவியல் மருத்துவர் உள்ள ஆஸ்பத்திரிகள் மட்டுமே இனி அதை வாங்கலாம். வரைவு அரசிதழில் வந்தது. கருத்துச் சொல்ல விரும்புகிறவர்கள் சொல்லலாம் என்று கீழே ஒரு வரி.

முதல் கருத்து தொலைபேசியில் வந்தது.

"நீதானே எழுதினே?" என்றாள் சின்னவள்.

"எதை?"

"தெரியாத மாதிரி பேசாதே. நாலு வரியில மூணு 'மேற்படி'. வேற யாரு எழுதுவா? நிரந்தர மயக்க டாக்டர் வேணுமாம்! என் கிளினிக்ல மயக்க டாக்டரும் நான்தான், தரை துடைக்கறதும் நான்தான்."

"வேற மருந்தே இல்லையா?"

"இருக்கே. மெஷின் வேணும், ஆக்சிஜன் வேணும், கரண்ட் வேணும். வயல் நடுவுல குதிரை விழுந்து கிடக்கும்போது எந்த மரத்துல போய் பிளக்கைச் சொருகறது? மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தறே நீ."

பெரியவளுக்குக் கோபம் வந்துவிட்டது. கோபம் வந்தால் அவள் குரல் இன்னும் தாழும். "ரேடியோ எப்படித் துடிச்சான்னு நீ பார்க்கலடீ. நான் பார்த்தேன்."

"பார்த்தே, சரி. ஒரு மாடு முட்டிச்சுன்னு ஊர்ல இருக்கற மாட்டுக்கெல்லாம் கொம்பை வெட்டுவியா?"

"உனக்கு மாட்டை விட்டா வேற உவமையே கிடையாதா?"

"மாட்டோடதானே குடும்பம் நடத்தறேன்!" என்று கத்திவிட்டுச் சின்னவள் வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு இருவரும் பேசிக்கொள்ளவில்லை. நடுவில் மாட்டிக்கொண்ட அவர்களுடைய அம்மா, இரண்டு பேரையும் தனித்தனியாகக் கூப்பிட்டு, "அவ நல்லாத்தான் இருக்கா, உன்னைத்தான் கேட்டா" என்று இரண்டு பேரிடமும் ஒரே பொய்யைச் சொன்னாள்.

கருத்துகள் வந்து குவிந்தன. இறந்த மாணவனின் ஊரிலிருந்து வந்தவை எல்லாம் ஒரே அச்சு. தடை செய்யுங்கள், தடை செய்யுங்கள். மருந்துக் கம்பெனிகள் வக்கீல் வைத்து எழுதியிருந்தன. பெரியவள் ஒவ்வொன்றையும் படித்தாள். நம்பினாலும் நம்பாவிட்டாலும் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவது அவள் வழக்கம். அந்தக் குவியலில் ஒரு மலை ஆஸ்பத்திரியின் அறுவை டாக்டர் அனுப்பியது மிகவும் சிறியது. தங்கள் ஊரில் தீக்காயத்துக்குக் கட்டு மாற்றுவதும், ஒடிந்த எலும்பைச் சேர்ப்பதும், அவசரப் பிரசவ அறுவையும் இந்த ஒரு மருந்தை நம்பித்தான் நடக்கின்றன. மயக்க மருத்துவர் பதவிக்கு விளம்பரம் போட்டால் விண்ணப்பம் வருவதில்லை என்று எழுதியிருந்தார். கடைசியில் ஒரு வரி: 'சட்டம் இன்னும் வரவில்லை, ஆனால் மொத்த வியாபாரிகள் இப்போதே அனுப்புவதை நிறுத்திவிட்டார்கள்.'

அந்தக் கடைசி வரி அவளை உறுத்தியது. வரைவு என்பது அவளுக்கு ஒரு யோசனை. வெளியே இருக்கிறவர்களுக்கு அதற்குள் அது சட்டமாகிவிட்டிருந்தது. எந்த வியாபாரிக்கு வம்பு வேண்டும்?

இயக்குநரிடம், "ஒரு தடவை நேர்ல பார்த்துட்டு வரட்டுமா சார்?" என்று கேட்டாள்.

"எதை?"

"மருந்தை எங்க, எப்படிப் பயன்படுத்தறாங்கன்னு."

"கிணத்தைத் தோண்டினா பூதம் வரும்மா," என்றார் அவர். பயணப்படி தர முடியாது என்று மட்டும் தெளிவாகச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை அவள் தன் சொந்தக் காரில் புறப்பட்டாள். எங்கே போவது என்று அதிகம் யோசிக்கவில்லை. அந்த மருந்தைத் தினம் தொடுகிற ஓர் ஆள் அவளுக்குத் தெரியும். அவளுக்குக் கார் ஓட்டத் தெரியாது; ரேடியோதான் ஓட்டினான். வழி நெடுகப் பேசிக்கொண்டு வந்தான். ஊர் நெருங்க நெருங்கப் பேச்சு குறைந்தது. அவள் அதைக் கவனித்தாள், கேட்கவில்லை.

சின்னவளின் கிளினிக் ஒரு காலத்தில் டயர் கிடங்காக இருந்த நீளமான கட்டடம். எத்தனை முறை கழுவியும் ரப்பர் வாடை போகவில்லை. வாசல் பெஞ்சில் கூடைக்குள் ஒரு பூனை சீறிக்கொண்டிருந்தது. கழுத்தில் பிளாஸ்டிக் வளையம் மாட்டிய நாய் ஒன்று போகிற வருகிறவர்களின் முழங்காலில் எல்லாம் இடித்துக்கொண்டு திரிந்தது. முழங்கால் வரை ரப்பர் பூட்ஸோடு சின்னவள் வெளியே வந்தாள். அக்காவை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஆய்வுக்கு வந்தியா, உறவுக்கு வந்தியா?"

"ரெண்டுக்கும்."

"அப்போ பையை வச்சிட்டுக் கையைக் கழுவு. ரெண்டுக்கும் அதான் முதல் வேலை." ரேடியோவைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "என்னடா, பேட்டரி தீர்ந்துபோச்சா? சத்தத்தையே காணோம்?"

அவன் சிரித்தான்.

டீ கொதிப்பதற்குள் கொல்லைப்புறத்தில் கூச்சல் கேட்டது. சரிவான சந்துகளில் வீடு வீடாகத் தண்ணீர் கேன் ஏற்றிச் செல்லும் ஒரு பெண், தன் கோவேறு கழுதையைப் பாதி இழுத்தும் பாதி தாங்கியும் கொண்டுவந்திருந்தாள். அதற்கு முதலாளி என்று பெயர். "அது சம்பாதிக்குது, நான் கூடப் போறேன், அப்போ முதலாளி யாரு?" என்பாள். முள்கம்பி வேலியில் மாட்டிக்கொண்டு உதறியதில் பின்னங்காலில் தோல் சுருண்டு, கம்பித் துண்டு சதைக்குள் இறங்கி நின்றது. கிட்டே போனவர்களையெல்லாம் உதைக்கப் பார்த்தது.

சின்னவள் சுற்றி வந்து பார்த்தாள். "மயங்க வைக்காம இதுல கை வைக்க முடியாது." உள்ளே போய், சுவர் ஆணியில் தொங்கிய சாவியை எடுத்து அலமாரியைத் திறந்தாள். இருந்த கெட்டமைன் குப்பி ஒன்றுதான். அதுவும் முழுசாக இல்லை. அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

"புதுசு ஆர்டர் போட்டு எவ்வளவோ நாளாச்சு. அனுப்ப மாட்டேங்கறான். கேட்டா, 'மேலிடத்துல வரைவு வந்திருக்கு மேடம்'ங்கறான்." அக்காவைப் பார்க்காமல்தான் சொன்னாள். "கோவேறு கழுதை குதிரை மாதிரி இல்ல. மருந்தைச் சீக்கிரம் எரிச்சிடும். நான் தையல் போட்டு முடிக்கறதுக்குள்ள எழுந்துச்சுன்னா, மேல போட இன்னொரு டோஸ் கிடையாது. வேகமா முடிக்கணும். நீ தலைப் பக்கம் பிடிச்சுக்கோ. ரேடியோ, நீ காலு—"

"அண்ணி," என்றான் ரேடியோ. அவன் கண் குப்பியின் மேல் இருந்தது. முகம் வெளுத்திருந்தது. "நான் வெளியே இருக்கேனே." யாரும் பதில் சொல்வதற்குள் போய்விட்டான்.

பெரியவள் பின்னாலேயே ஓட நினைத்தாள். ஆனால் கழுதைக்குச் சாந்தப்படுத்தும் முதல் ஊசி அதற்குள் போய்விட்டது. தலை தொங்கி, கீழுதடு தளர்ந்து, தள்ளாட ஆரம்பித்துவிட்டது. "பிடி, பிடி! தலையை மணல்ல மெதுவா இறக்கு!" என்று சின்னவள் அதட்டினாள். கெட்டமைன் நரம்பில் ஏறியதும் முதலாளி மெல்லச் சாய்ந்து தகரக் கொட்டகையின் மணலில் படுத்தது.

பெரியவள் மண்டியிட்டு அதன் கழுத்தின் மேல் சாய்ந்துகொண்டாள். கண் மேல் ஈரத் துண்டைப் போடச் சின்னவள் சொன்னாள்; போடும்போது பார்த்தாள், கண் திறந்தே இருந்தது, ஆனால் எதையும் பார்க்கவில்லை. ரேடியோவும் சில நாட்களில் அப்படித்தான் சோபாவில் கிடந்தான். அவள் சட்டென்று துண்டை இழுத்து மூடினாள்.

"மூச்சு எப்படி இருக்குன்னு சொல்லிட்டே இரு," என்றாள் சின்னவள், குனிந்தபடி.

மூக்குத் துளைக்கு எதிரே மணிக்கட்டை வைத்தாள். சூடாக, சீராக மூச்சு வந்து பட்டது. கெட்டமைன் மூச்சை நிறுத்துவதில்லை, மற்ற மயக்க மருந்துகளைப் போல ரத்த அழுத்தத்தைத் தரையில் தள்ளுவதில்லை என்று எத்தனையோ அறிக்கைகளில் அவள் படித்திருக்கிறாள். அவளே சுருக்கி எழுதியும் இருக்கிறாள். இங்கே குழாய் இல்லை, மெஷின் இல்லை, ஒரு பல்பு கூட இல்லை. மழைத் தூறலின் சத்தத்துக்கு நடுவே அந்தப் பெரிய உடம்பு தன் பாட்டுக்கு மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. தங்கை கம்பியை இழுத்தாள், கழுவினாள், தைத்தாள். அவள் கை அவ்வளவு வேகமாகவும் அவ்வளவு நிதானமாகவும் ஓடுவதைப் பெரியவள் முன்பு பார்த்ததில்லை. இவளா சமையலறையில் டம்ளரைக் கூட நேராக வைக்கத் தெரியாதவள்?

"காது அசையுது," என்றாள் பெரியவள்.

"தெரியும். ரெண்டு தையல்."

"சின்னவளே, தலையைத் தூக்குது!"

"அழுத்து! உன் எடையெல்லாம் எதுக்கு இருக்கு?"

கடைசி முடிச்சு விழுந்ததும் எல்லோரும் பின்னால் தாவினார்கள். முதலாளி இரண்டு தரம் எழ முயன்று, மூன்றாம் தரம் நாலு காலையும் அகட்டிக்கொண்டு நின்றது. தண்ணீர்க்காரப் பெண் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "நாசமாப் போறவனே, வேலிக்குள்ள உனக்கு என்னடா வேலை?" என்று அழுதாள், சிரித்தாள்.

பெரியவள் அதைப் பார்க்க நிற்கவில்லை. மணல் ஒட்டிய புடவையோடு வெளியே ஓடினாள். காரில் ரேடியோ இல்லை. தெருவில் இல்லை. கிளினிக்கின் பக்கவாட்டில், குழாயடியில், சட்டைக் கையை மடக்கிக்கொண்டு, ரத்தம் தோய்ந்த துணிகளை வாளியில் அலசிக்கொண்டிருந்தான்.

"பயந்துட்டீங்களா?" என்றான், நிமிராமல்.

"ஆமாம்டா."

"நானும்தான். அதான் கைக்கு ஏதாவது வேலை குடுத்தேன்." துணியைப் பிழிந்தான். "வேணும்னு தோணிச்சு அண்ணி. பொய் சொல்ல மாட்டேன். கொஞ்ச நேரம் உடம்பே கேட்டுச்சு. அப்புறம் போயிடுச்சு. மையத்துல சொல்லுவாங்க, அலை மாதிரி வரும், நின்னு பாரு, போயிடும்னு. உண்மைதான் போல."

அவள் பக்கத்திலிருந்த கல்லில் உட்கார்ந்தாள். கையைத் துடைத்துக்கொண்டே சின்னவளும் வந்து நின்றாள்.

"டாக்டரம்மா," என்றான் ரேடியோ, "உங்க அலமாரிச் சாவி ஆணியில தொங்குது. உள்ளே நுழைஞ்சதும் என் கண்ணு பூனையைப் பார்க்கல, நாயைப் பார்க்கல, அதைத்தான் பார்த்துச்சு."

"இங்க யாருடா வரப் போறா?"

"நான் வந்தேனே."

சின்னவள் உள்ளே போய், ஆணியில் தொங்கிய சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்தாள். ரேடியோ இப்போது அண்ணியின் பக்கம் திரும்பினான். விட்டுப்போன பேச்செல்லாம் மொத்தமாக வந்தது.

"நீங்க எனக்காகத்தான் அந்த வரைவை எழுதினீங்க. தெரியும். ஆனா என்னை ஒரு தடவையாவது கேட்டீங்களா, எங்கடா வாங்கினேன்னு? ஒரு டாக்டர்கிட்ட இருந்தும் நான் வாங்கல. ஒரு ஆஸ்பத்திரியில இருந்தும் திருடல. மொத்த வியாபாரி ஒருத்தனோட ஆளு, பெட்டி பெட்டியா வண்டியில கொண்டுவந்து எறக்குவான். இல்லாத கிளினிக் பேருக்கெல்லாம் பில்லு போட்டிருப்பான். உங்க சட்டம் வந்தா இந்த அலமாரி காலியாகும். அவன் வண்டி ஓடிட்டுதான் இருக்கும். விலை வேற ஏறும், அவனுக்குக் கொண்டாட்டம்."

"இதை ஏன்டா இத்தனை நாள் சொல்லல?"

"நீங்க துவைச்ச பெட்ஷீட்டை நினைச்சா எனக்கு வாயே வராது அண்ணி."

உள்ளே டீ கொதித்து வழிந்து அடுப்பை அணைத்திருந்தது. சின்னவள் மறுபடியும் போட்டாள். அன்று முழுக்கப் பெரியவள் அங்கேயே இருந்தாள். தங்கையிடம் கேள்வி மேல் கேள்வி கேட்டாள். எவ்வளவு வாங்குகிறாய், எவ்வளவு மிச்சமாகிறது, மிச்சத்தை என்ன செய்கிறாய், பூட்டு வாங்கினால் எங்கே வைப்பாய்? "இப்போ ஆய்வா, உறவா?" என்று தங்கை கேட்டபோது, "வாயை மூடிட்டுப் பதில் சொல்லு" என்றாள். வாயை மூடிக்கொண்டு எப்படிப் பதில் சொல்வது என்று இரண்டு பேருமே கேட்டுக்கொள்ளவில்லை.

கருத்துக் கேட்பு முடிந்து குழு கூடிய அன்று, நீள மேஜையைச் சுற்றி எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். இயக்குநர் தலைமை. போதை ஒழிப்புப் பிரிவின் போலீஸ் அதிகாரி, முறுக்கிவிட்ட மீசையோடு, இரண்டாம் அட்டவணை கூடப் போதாது என்ற முகத்தோடு. பெரியவள் அழைத்ததன் பேரில் மலை ஆஸ்பத்திரி டாக்டர், இளைஞர், பஸ்ஸில் வந்த கசங்கிய சட்டை.

பெரியவள் எழுந்தாள். மனதுக்குள் திருத்தி வைத்திருந்த வாக்கியங்களை விட்டுவிட்டு நேராகவே ஆரம்பித்தாள்.

"இந்த வரைவை எழுதினது நான். இதுல பாதி தப்பு. எழுதினவளே சொல்றேன்." இயக்குநர் கண்ணாடியைக் கழற்றினார். "இன்னொண்ணும் சொல்லணும். என் கொழுந்தன் இந்த மருந்துக்கு அடிமையா இருந்து மீண்டவர். அதனால என் மனசு ஒரு பக்கமா சாய்ஞ்சிருந்தது. இது உங்களுக்குத் தெரியணும்."

போலீஸ் அதிகாரி முன்னால் சாய்ந்தார். "வீட்டுலயே பாதிக்கப்பட்டவர் இருக்கார்ங்கறீங்க. அப்போ நீங்கதானே முதல் ஆளா இறுக்கணும்?"

"இறுக்கணும் சார். எங்கே இறுக்கறதுங்கறதுதான் கேள்வி. குழாய் ஒழுகற இடம் ஒண்ணு, நான் துணி கட்டினது வேற இடம்." அவள் விளக்கினாள். மருந்து மூன்றாம் அட்டவணைக்குப் போகட்டும். தயாரிப்பவர், மொத்த வியாபாரி, வண்டி வரை இரண்டாம் அட்டவணைக்குரிய அதே கெடுபிடி: உரிமம், சோதனை, வாங்குகிற கிளினிக் உண்மையில் இருக்கிறதா என்று நேரில் பார்ப்பது. கிளினிக்குக்கும் சிறு ஆஸ்பத்திரிக்கும் பூட்டிய அலமாரி, சாவி ஒருவர் பொறுப்பில். மயக்க மருத்துவர் கட்டாயம் என்ற நிபந்தனை வேண்டாம்.

மலை டாக்டரை இயக்குநர் பார்த்தார். அவர் எழுந்து நிற்கக் கூட இல்லை. "போன வாரம் ஒரு குழந்தைக்குத் தீக்காயக் கட்டு மாத்தினோம் சார். மருந்து இல்லாம. நாலு பேர் பிடிச்சுக்கிட்டோம்." மேஜையில் யாரும் அவருடைய முகத்தைப் பார்க்கவில்லை.

போலீஸ் அதிகாரி மீசையைத் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு, "மொத்த வியாபாரியைச் சோதனை போட எங்களுக்கு அதிகாரம் வருதா இதுல?" என்று கேட்டார்.

"வருது சார். இப்போ நாலாம் அட்டவணையில அது இல்ல."

"கிளினிக் கிளினிக்கா ஏறி இறங்க என்கிட்ட ஆள் இல்லம்மா. வியாபாரிங்க மாவட்டத்துக்கு நாலு பேர்தான். அது ஆகற காரியம்." கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் சொன்னார், ஆனால் தலையாட்டினார்.

"மந்திரி இரண்டாம் அட்டவணைன்னு பேசிட்டாரே! நான் போய் என்ன சொல்றது?" என்றார் இயக்குநர்.

"கடுமையாக்கிட்டோம்னு சொல்லுங்க சார். பொய் இல்ல."

இயக்குநர் பேனாவைத் திறந்தார். "கிணத்தைத் தோண்டாதீங்கன்னு சொன்னேன்," என்று முனகிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். வெறும் சொந்த உபயோகத்துக்கு வைத்திருந்து பிடிபடுகிறவர்களை ஜெயிலுக்கு அனுப்பாமல் சிகிச்சைக்கு அனுப்பலாம் என்று அவள் சேர்த்திருந்த பத்தியை மட்டும் அடித்துவிட்டார். "எல்லாத்தையும் ஒரே நாள்ல கேட்காதீங்க. அடுத்த வருஷம் மறுபரிசீலனை இருக்கு. அப்போ எனக்கு ஓய்வு. வர்றவர்கிட்ட கேளுங்க." அவள் அந்தப் பத்தியைக் கிழிக்கவில்லை, பத்திரப்படுத்திக்கொண்டாள். வரைவு சட்டமல்ல, மருந்து அனுப்புவதை நிறுத்தக் கூடாது என்று வியாபாரிகளுக்குச் சுற்றறிக்கை அன்று மாலையே போனது.

மருந்து விற்ற அந்த வண்டிக்காரனைப் பற்றி ரேடியோ என்ன செய்யப்போகிறான் என்று அவள் கேட்கவில்லை. அவனே ஒரு நாள் காலையில் முகச்சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டையோடு வந்து நின்றான்.

"போலீஸ் ஆபீஸுக்குப் போறேன் அண்ணி. அந்த வண்டிக்காரனைப் பத்திச் சொல்லணும். கூட வர்றீங்களா?"

போனார்கள். மீசைக்காரரே உட்கார்ந்து கேட்டார். வாக்குமூலம் எழுதிய போலீஸ்காரர் கை வலித்து, நடுவில் இரண்டு தரம் நிறுத்தச் சொன்னார். "தம்பி, கொஞ்சம் சுருக்கமா..." என்றதற்கு, "எங்க வீட்டுலயே யாராலயும் முடியல சார்" என்றாள் பெரியவள். அந்த மாதம் ஒரு கிடங்கு பூட்டி சீல் வைக்கப்பட்டது. செய்தித்தாளில் நாலு வரி வந்தது. சிகிச்சை மையத்தில், புதிதாக வருகிறவர்களோடு முதல் வாரம் கூட உட்கார்ந்து பேச ஓர் ஆள் தேவைப்பட்டது. பேச ஆள் என்றதும் எல்லோருக்கும் ஒரே பெயர்தான் தோன்றியது. சம்பளம் சுமார். அவன் போகிறான், வருகிறான். சில நாள் வாடிப்போய் வருகிறான், மறுநாள் மறுபடியும் போகிறான்.

புதிய விதிகள் நடைமுறைக்கு வந்த பிறகு ஒரு முற்பகலில், பெரியவளின் மேஜைத் தொலைபேசி அடித்தது. மலை ஆஸ்பத்திரி டாக்டர்.

"மேடம், மருந்துப் பெட்டி வந்துடுச்சு. சொல்லணும்னு தோணிச்சு. அப்புறம் அந்த அலமாரி விஷயம், எங்க நர்ஸு ஒரு சந்தேகம் கேக்கறாங்க, சாவி— ஒரு நிமிஷம் மேடம், ஒரு கேஸ் வருது."

ரிசீவரை மேஜையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். பெரியவள் காதை எடுக்கவில்லை. குழாயில் தண்ணீர் விழும் சத்தம். ஸ்ட்ரெச்சர் சக்கரம் கிரீச்சிட்டது. ஒரு குழந்தை வீறிட்டு அழுதது; "கையைத் தொடாதே, தொடாதே!" என்று கத்தியது. ஒரு பெண் குரல், "ஒண்ணுமில்லடா கண்ணு, எண்ணு பார்க்கலாம், உனக்கு எதுவரைக்கும் எண்ணத் தெரியும்?" என்றது. "நூறு வரைக்கும்," என்றது குழந்தை, அழுகைக்கு நடுவே கொஞ்சம் பெருமையாக. எண்ண ஆரம்பித்தது. பத்தைத் தாண்டியதும் குரல் குழைந்தது. பிறகு நின்றது.

"தூங்கிட்டான். எலும்பைச் சேர்த்துடலாம், வாங்க," என்றார் டாக்டர், எங்கோ தூரத்தில்.

பெரியவள் ரிசீவரை மெதுவாக வைத்தாள். கதவைத் திறந்துகொண்டு யாரோ அவசரமாக எட்டிப் பார்த்தார்கள். "எதிர்க் கதவுங்க," என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே, மிகுந்த அன்போடு.